பட்டணம் பார்த்த சடை

முருகன் துணை

திருத்தணி,
விய வருடம் மார்கழி 21,
5-1-1947.

பிரியமுள்ள பாவா எல்லப்பன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் பங்காரு எழுதிக்கொண்டது. இங்கே பாஞ்சாலி அக்கா, உங்கள் பிள்ளைகள் மணியம்மை, சேட்டு, சினை மாடு உட்பட எல்லோரும் மலைமேல் இருப்பவர் தயவில் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகந்தானா என்று வழக்கம்போல் கேட்க வந்தவன் பேனாவை நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மாட்டுக் கொட்டகையில் நின்றபடி படித்தேன். நாலு வருஷம் சண்டைக்குள்ளே லாரி ஓட்டி ஒரு கீறல் படாமல் இருந்தீர்கள். சண்டையெல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, அஸ்ஸாம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். புரட்டாசியில் நடந்ததை மார்கழியில் எழுதுகிறீர்கள். நடுவில் மூன்று கடிதம் வந்தது, வேலை அதிகம், லீவு இல்லை, குழந்தைகளுக்கு முத்தம் என்று. அந்த மூன்றையும் புனா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டா எழுதினீர்கள்? உங்களுக்கு எப்படி மனசு வந்தது பாவா? நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் முகத்தை நக்கிவிட்டுத் தவிடு எங்கே என்று பார்த்தது.

காணும் பொங்கலன்று குழந்தைகளைப் பட்டணம் கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு பக்கத்துக்கு என்னென்ன காட்ட வேண்டும் என்ற விவரமும். லாரி ஓட்டி நீங்கள் பழகின பட்டணம், நான் இரண்டே தடவை போனது. அதனால் நீங்கள் எழுதினபடியே செய்கிறேன். சென்ட்ரலில் இறங்கினதும் டீ கூடாது, பால். கால் ஓய்வதற்கு முன்னால் செத்த காலேஜ். அது மியூசியத்துக்குப் பட்டணத்தார் வைத்த பேர் என்று போன தடவை தெரியாமல் பயந்துபோனேன். அதற்கப்புறம் உயிர் காலேஜ், மிருகங்களைப் பார்க்க. டிராமில் சேட்டு ஜன்னலோரம், ஆனால் கை வெளியே போகக்கூடாது. மணியம்மைக்கு மூர் மார்க்கெட்டில் ஒரு பென்சில் டப்பா. சாயங்காலம் கடல், முட்டியளவு தண்ணீருக்கு மேல் விடக்கூடாது. இவ்வளவும் படித்தபோது, இதையெல்லாம் நீங்களே காட்டுவதற்காக எத்தனை நாள் மனசில் அடுக்கி வைத்திருந்தீர்கள் என்று தெரிந்தது.

ஆனால் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குச் சம்மதம் இல்லை. சேட்டுவுக்கு எட்டு மாசத்தில் கக்குவான் வந்து முகம் நீலமாகிப் போனபோது மலையடிவாரத்தில் நின்று வேண்டிக்கொண்டது யார்? பிள்ளை பிழைத்தால் என் தோள்மேல் உட்காரவைத்து எல்லாப் படியும் ஏறி முடி கொடுக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னீர்கள், நானும் கேட்டேன். பிள்ளை பிழைத்தான். நீங்கள் மிலிட்டரிக்குப் போனீர்கள். நடுவில் பத்து நாள் லீவில் வந்தபோது பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு, மலை ஏற முடியவில்லை. இப்போது அவனுக்கு ஐந்தரை வயது, சடை இடுப்பு வரைக்கும் தொங்குகிறது. ஆனியில் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும். இனி என்னால் படி ஏற முடியாது, மாசிக்குள் உன் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டுவிடு, நான் வரமாட்டேன், உன் அக்காவிடம் காலைப் பற்றிச் சொல்லாதே என்கிறீர்கள்.

தாய்மாமன் மடி தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காவிடம் என்ன சொல்லி அழைத்துப் போவேன்? அந்தப் பிள்ளையின் தலையில் கத்தி பட நீங்கள் வர வேண்டும் என்று அவள் ஐந்து வருஷமாகக் காத்திருக்கிறாள். நீங்கள் வராமல் முடியை எடு என்றால் அவள் என்ன நினைப்பாள்? உங்களுக்கு வேறு என்னமோ ஆகிவிட்டது, ஆளே இல்லை என்றுதான் நினைப்பாள். தவிர, என் வயிற்றில் எந்த ரகசியமும் நிற்காது என்பது ஊருக்கே தெரியும். பட்டணம் போய் வருகிறேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத மைத்துனன்,
பங்காரு


முருகன் துணை

திருத்தணி,
தை 6, ஞாயிறு,
19-1-1947.

பாவா அவர்களுக்கு வணக்கம். பட்டணம் போய் வந்துவிட்டோம். மூன்று பேர் போனோம், மூன்று பேர் திரும்பினோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் ஒரு மணி நேரம் இரண்டு பேராக இருந்தோம்.

அக்கா வரவில்லை. எவ்வளவோ கூப்பிட்டேன். "அவரு வந்து காட்டினா பார்க்கிறேன், பட்டணம் எங்கேயும் ஓடிப்போவாது" என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டாள். சேட்டுவுக்கு எண்ணெய் தடவிச் சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னி, சாமந்திப்பூவையும் சொருகினாள். சாமிக்கு நேர்ந்த முடி வெறுஞ்சடையாகப் போகக்கூடாதாம். சட்டை அம்மையார்குப்பத்துத் துணி, பச்சைக் கட்டம். வளருகிற பிள்ளை என்று முட்டி வரைக்கும் தைத்திருந்தாள், உள்ளே போட்ட டிராயர் கண்ணிலேயே படவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று போகப்போகத் தெரியும்.

நீங்கள் சொன்னபடி பால் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பாலில் பாதிக்கு மேல் பட்டணத்துத் தண்ணீர். செத்த காலேஜில் திமிங்கில எலும்பு ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது, நம் வீடு மாதிரி இரண்டு வீடு நீளம். சேட்டு அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் மொட்டை போட்டுட்டாங்களா மாமா?" என்றான். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவன் தன் சடையைப் பிடித்துக்கொண்டான். மணியம்மை மட்டும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எங்கே போனாலும் ஜனங்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச் செருப்புக்கு ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது, கேட்க வெட்கம் என்று நினைத்தேன். மடையன் நான்.

உயிர் காலேஜில் கூட்டம் என்றால் கூட்டம், நம் ஆடிக் கிருத்திகை தோற்றது. கரும்பைக் கடித்துக்கொண்டு மொத்தப் பட்டணமும் அங்கேதான். குரங்கு, மான், மயில் எல்லாம் பார்த்தோம். நீங்கள் சேட்டுவுக்குச் சிங்கம் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நாங்கள் போன பக்கம் கூண்டு காலியாக இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டால் கூண்டு உடைந்து ஊருக்குள் வந்துவிடுமே என்று சண்டை நடந்தபோது சிங்கம் புலியையெல்லாம் சுட்டுவிட்டார்களாம், புல் போடுகிற ஆள் சொன்னார். சேட்டு விடவில்லை. "அது யாரையாவது கடிச்சுதா?" என்று கேட்டான். இல்லையாம், கடிக்குமோ என்று பயந்து சுட்டார்களாம் என்றேன். "கடிக்காததுக்கே சுட்டுட்டாங்களா?" என்று அவன் அந்தக் காலிக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. அக்கா என்ன சொல்லுவாளோ, ஊர் என்ன சொல்லுமோ என்று நீங்களும் நடக்காததற்கெல்லாம் முன்கூட்டியே பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அப்புறம் மூர் மார்க்கெட். அங்கே கிடைக்காத சாமானே இல்லை என்று நீங்கள்தான் குழந்தைகளுக்கு எழுதியிருந்தீர்கள். அந்தப் புண்ணியம் உங்களுக்கே. பென்சில் டப்பா பார்க்கலாம் வா என்று நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், மணியம்மை என் கையை உதறிக்கொண்டு, பழைய சாமான் விற்கிற ஒரு பாய் கடைக்குள் நுழைந்துவிட்டாள். உடைந்த நாற்காலி, கிராமபோன், யானைத் தந்தம் மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் குவிந்து கிடக்கிறது. நான் சேட்டுவை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் பாயிடம் என்ன கேட்கிறாள் தெரியுமா? "ஏங்க, கட்டைக் கால் இருக்குதுங்களா? எங்க நைனாவுக்கு."

பாய் கையிலிருந்த துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "எந்தக் காலும்மா? அளவு ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்று கேட்டார். "ஆங், இருக்குதுங்க. வலது கால்" என்று சொல்லிப் பாவாடை இடுப்பிலிருந்து ஒரு வாழைநாரை எடுத்து நீட்டினாள். அதில் இரண்டு முடிச்சு. நைனாவும் எங்க மாமாவும் ஒரே உசரம்னு அம்மா சொல்லும், அதனால மாமா மத்தியானம் தூங்கும்போது முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தேன் என்கிறாள். பாவா, என் காலை அளந்திருக்கிறாள். குறட்டை விட்டுக்கொண்டு கிடந்த எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் அவள் கையில்தான் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள்தானே, வழக்கம்போல் பிரித்துவிட்டாள். படித்துவிட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி என்னிடம் கொடுத்திருக்கிறாள். இரண்டு வாரமாகப் பத்து வயசுப் பெண் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். இருபத்தாறு வயசுத் தடியன் நான் அதே இரண்டு வாரமும் அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் கழனியே கதி என்று கிடந்தேன்.

அந்தப் பாய் நல்ல மனுஷன். வாழைநாரைச் சுருட்டி அவளிடமே கொடுத்து, "இது கடையில விக்கிற சாமான் இல்லம்மா. மிலிட்டரியிலயே ஆளுக்கு அளவெடுத்து நல்லதாச் செஞ்சு தருவாங்க" என்றார். அப்படித்தானா பாவா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லையே. நான் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டேன். எல்லாம் சரி, அப்படிக் கட்டிக்கொள்ள இரண்டு கை வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் சேட்டு இல்லை.

எப்படித் தேடினேன் என்று எழுதினால் உங்களுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி வேண்டியிருக்கும். மார்க்கெட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் பையனைப் பார்த்தீர்களா, ஐந்து வயசுப் பையன், பச்சைச் சட்டை என்று கேட்டேன். யாரும் எந்தப் பையனையும் பார்க்கவில்லை. கிணறு குளம் இல்லாத ஊர் என்றாலும் டிராம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. அக்காவிடம் எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்? மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பட்டணத்தில் மலை எந்தத் திசை என்றுகூடத் தெரியவில்லை, நாலு பக்கமும் கும்பிட்டேன்.

உயிர் காலேஜ் இருக்கிற பார்க் வாசலில் தொண்டர்கள் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்திக்கொண்டே இருந்தார். பூ வைத்த பெண் குழந்தை ஒன்று இருக்கிறது, பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று. அந்தச் சத்தம் என் காதில் நாலு தடவை விழுந்தது. யாரோ பாவம், பெண் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று பரிதாபப்பட்டேனே தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. நமக்கு அவன் சேட்டு. நம் ஊரில் நேர்ந்துகொண்ட பிள்ளைகள் பத்துப் பேர் சடையோடு தெருவில் கோலி ஆடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மணியம்மைதான் சட்டென்று நின்று, "மாமா, அது நம்ம சேட்டுதான்! சடையைப் பார்த்துட்டுப் பொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள். ஓடினோம்.

உள்ளே உங்கள் மகன் பெஞ்சியின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அழுகை இல்லை, கோபம். பேர் என்ன பாப்பா என்று கேட்டிருக்கிறார்கள். பாப்பா என்று கூப்பிட்டவர்களுக்குப் பேர் சொல்ல மாட்டேன் என்று ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லையாம். நாங்கள் நுழைந்த நேரத்தில் தான் பையன்தான் என்று நிரூபிக்க டிராயர் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு சிரித்தேன், அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். தொண்டர்களில் ஒரு பெரியவர், பள்ளிக்கூடம் போகிற வயசாச்சே, வெட்டி விடக்கூடாதா, இல்லாவிட்டால் தினமும் தொலைப்பீர்கள் என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். உடனே இவன் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு, "யாரும் தொடக்கூடாது. எங்க நைனா வந்துகினு இருக்கிறாரு. தோள்மேல தூக்கிக்கினு மலைக்குப் போய் அவருதான் எடுப்பாரு" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவர்கள் நைனா எங்கே தம்பி என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

இவ்வளவு ஆன பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். மணியம்மை கேட்கவில்லை. நைனா எழுதினதில் கடல் பாக்கியிருக்கிறது என்றாள். திருவல்லிக்கேணி வரைக்கும் டிராமில் போனோம். சேட்டு ஜன்னலோரம்தான் உட்கார்ந்தான், கை வெளியே போகவில்லை, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்ததும் அவன் இதை யார் இறைத்து ஊற்றினது என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் அலை வந்து அவனை உட்காரவைத்துவிட்டது. மணலில் உட்கார்ந்து மணியம்மையிடம் பேசினேன். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நைனா சொல்லாதேன்னு எழுதியிருந்தாரே மாமா" என்றாள். உங்கள் பேச்சை அவ்வளவு கேட்கிற பெண் அவள். உங்களுக்கு வலிக்குமா என்று மட்டும் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நீங்களே எழுதுங்கள்.

முடியை என் மடியில் எடுப்பது இனி நடக்காது பாவா. அந்தப் பிள்ளை ஊர் முன்னால் சொன்னதை என் காதால் கேட்டுவிட்டேன். அவனை ஏமாற்றி உட்காரவைக்க என்னால் ஆகாது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் அவள் சோறு போடும்போது தட்டைப் பார்த்தபடியே தின்றுவிட்டு எழுந்து ஓடுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் சொல்லிவிடுகிறேன். எழுதுங்கள், கை கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மறவாத,
பங்காரு


முருகன் துணை

திருத்தணி,
தை 9, புதன்,
22-1-1947.

பாவா அவர்களுக்கு,

நீங்கள் பதில் எழுதும் வரைக்கும் காத்திருக்க வழியில்லாமல் போய்விட்டது. போன கடிதம் இன்னும் புனா போய்ச் சேர்ந்திருக்காது, அதற்குள் இது பின்னாலேயே ஓடி வருகிறது. மன்னிக்க வேண்டும். வாய் விட்டது நானும் இல்லை, மணியம்மையும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அக்கா கிணற்றடியில் சேட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் பட்டணத்துக் கதையைப் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டிராம் மணி அடிக்கிறது, திமிங்கிலத்துக்கு மொட்டை, சிங்கம் இல்லை, தன்னைப் பாப்பா என்று கூப்பிட்டவருக்கு மீசை இவ்வளவு பெரியது. அந்த வரிசையிலேயே, "அக்கா நைனாவுக்குக் கட்டைக் கால் கேட்டுச்சு, பாய் இல்லன்னுட்டாரு" என்றும் சொல்லிவிட்டான். அவனுக்கு அது பென்சில் டப்பா மாதிரி ஒரு சாமான். சீப்பு நின்றுவிட்டது.

அக்கா அழவில்லை. சடையை முழுதும் பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, அவனைப் போய் விளையாடு என்று அனுப்பினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். கழனியிலிருந்து ஓடி வந்தேன். பெட்டியைத் திற, அந்தக் கடிதத்தைப் படி என்றாள். படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். "முட்டிக்குக் கீழேன்னுதானே போட்டிருக்குது?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். தொட்டி நிரம்பி வழிந்தும் சேந்திக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்றும் மறுநாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலையில் பேனா எடு, நான் சொல்கிறதை அப்படியே எழுது என்றாள். நான் பதவிசாக மாற்றி எழுதிவிடுவேன் என்று மணியம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். இனி வருவது அக்காவின் வார்த்தை. எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

"நாலு மாசமா எனக்குச் சொல்லாம வெச்சிருந்தீங்களே, நான் யாரு? பக்கத்து வூட்டுக்காரியா? பத்து வயசுப் பொண்ணு வாழைநாரை இடுப்புல சொருகிக்கினு கடை கடையாக் கேட்குது. பெத்தவ நான் பொங்கலுக்குக் கோலம் போட்டுக்கினு இருந்தேன். இதை நான் மறக்க மாட்டேன். நீங்க வந்தப்புறம் ஒரு நாள் பூரா உக்கார்ந்து சண்டை போடுவேன், தயாரா இருங்க.

"தினம் உங்க பேருல ஒரு விளக்கு ஏத்துறேன். ரெண்டு கை ரெண்டு காலோட அனுப்புன்னு நான் ஒரு நாளும் சாமியக் கேட்டதில்ல. ஆளை அனுப்புன்னுதான் கேட்டேன். ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கே நான் போய் ஒரு சூரைத்தேங்கா ஒடைச்சிட்டு வந்துட்டேன்.

"படி ஏற முடியாது, அதனால வரமாட்டேன்னு எழுதியிருக்கிறீங்க. கிருத்திகைக்குக் கிருத்திகை நான் மலையில பார்க்கிறேனே, ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்க வேண்டிக்கினு முட்டி போட்டு ஏறுறாங்க. கடைசிப் படி வரைக்கும் அப்படியே ஏறுறாங்க. அவங்களைப் பார்த்து யாராச்சும் கால் இல்லாதவன்னு சொல்றாங்களா? கன்னத்துல போட்டுக்கினு வழி விடுறாங்க. நீங்க உக்கார்ந்து ஏறுங்க, முட்டி போட்டு ஏறுங்க, ஒரு நாள்ல ஆவலன்னா ரெண்டு நாள் ஏறுங்க. பங்காரு ஒரு கை புடிப்பான். நான் சோறு கட்டிக்கினு வரேன். அந்த மலை எங்கேயும் ஓடிப்போவாது.

"நீங்க சாமிக்கு நேர்ந்தது தோளு. புள்ளையத் தோள்மேல வெச்சுக்கினு வரேன்னுதான் சொன்னீங்க. தோளு ரெண்டும் இருக்குதா இல்லையா? அதை மட்டும் எழுதுங்க. இருந்தா ரயில் ஏறுங்க."

அவ்வளவுதான் அக்கா சொன்னது. மணியம்மை படித்துக் காட்டி, ஒரு எழுத்தும் மாறவில்லை என்று சான்று சொல்லிவிட்டாள். சேட்டுவிடமும் அக்காவே சொல்லிவிட்டாள், நைனாவுக்கு ஒரு கால் இல்லை என்று. கடிக்கிறது ஏதாவது கடித்துவிட்டதா என்று கேட்டான். லாரி என்றோம். லாரியைச் சுட்டுவிட்டார்களா என்று கேட்டுவிட்டு, கோலி விளையாடப் போய்விட்டான். அவன் அளவில் காரியம் முடிந்தது. பெரியவர்கள்தான் நாலு மாசம் எடுத்துக்கொண்டோம்.

பாவா, நீங்கள் எனக்கு மூத்தவர், உங்களுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனால் எனக்குப் பெண் பார்க்க நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். என்மேலாவது இரக்கம் வைத்து வாருங்கள். ஆஸ்பத்திரியில் எப்போது விடுகிறார்கள், அந்தக் கால் எப்போது செய்து கொடுக்கிறார்கள் என்று மணியம்மைக்குத் தனியாக ஒரு கார்டு எழுதுங்கள். வாழைநாரை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. மலைமேல் இருப்பவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறிய மைத்துனன்,
பங்காரு

கவரை ஒட்டப் போனேன், அக்கா பிடுங்கிக்கொண்டாள். இன்னும் ஒன்று சேர்க்க வேண்டுமாம். எழுதுகிறேன்: "எந்த ரயிலுன்னு முன்கூட்டியே எழுதுங்க. ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கினு வரமாட்டோம். இருட்டுல எறங்கி ஒளிஞ்சுக்கினு வூடு வந்து சேரலாம்னு பார்க்காதீங்க. பகல் வண்டியில வாங்க. கட்டையை ஊணிக்கினு கடைத்தெரு வழியா நடந்தே வரணும், ஊரு பார்க்கட்டும். இத்தனை வருஷம் உங்க பின்னால நடந்தேன். அன்னிக்குப் பக்கத்துல நடந்து வரேன்."